திரையில் தெரிந்த முதுகு

எங்கள் ஊரிலிருந்து கௌபாய் படங்களில் நடிக்கப் போனவன் ஒருவன்தான். அவன் நான் இல்லை. வயது இவ்வளவு ஆகியும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த நாளில் நாங்கள் இருவரும் தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினோம். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை ஏற்றிப்போவோம். அவன் சத்தம் போட்டே சவாரி பிடித்துவிடுவான். நான் வண்டிப் பக்கத்தில் சும்மா நிற்பேன். யாராவது தானாக வந்து ஏறினால் உண்டு. ஆனால் வண்டியை அவிழ்த்துவிட்டு, குதிரையின் வெறும் முதுகில் ஏறி விரட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. அவனுக்கு ஏறி உட்காரவே பயம்.

ஒரு சாரலில் சினிமாக் கம்பெனி ஐந்தருவிப் பக்கம் படம் பிடிக்க வந்தது. கொள்ளைக்காரனாக வரவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ரயிலடியில் விசாரித்து என்னைக் கூட்டிப்போனார்கள். தோல் சட்டை, மரத் துப்பாக்கி, தலையில் அகலமான தொப்பி. நான் குதிரையை விரட்டிவந்ததை முதுகுப் பக்கமிருந்து படம் பிடித்தார்கள். டைரக்டர் கைதட்டினார். பிறகு முகத்தைக் காட்டி ஒரே ஒரு வசனம் சொல்லச் சொன்னார்.

“ஒருத்தனும் அசையக் கூடாது.”

துப்பாக்கியை நீட்டினேன். எதிரே அத்தனை பேர். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அங்கே அசையாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

“ஏம்ப்பா, நீ ஊமையா?” என்றார் டைரக்டர்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அவன் கூட்டத்திலிருந்து கத்தினான். “ஊமை இல்ல சார், வெக்கம்! ஏலே, இதச் சொல்லுததுக்கு என்னலே? ஒருத்தனும் அசையப்பிடாது!”

அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் சிரித்துவிட்டார். என் தலையிலிருந்த தொப்பி அவன் தலைக்குப் போனது. நிற்கிற குதிரைமேல் அவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். என் குதிரை.

படம் வருவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அச்சன்புதூர்ப் பெண். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். திரையில் பார்த்து அவளே என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. குதிரை பறந்தது. ஒரே விசில். முழுத் திரையிலும் என் முதுகு. குதிரை நின்றது. அவன் முகம்.

“எம்மா! ஒங்க கூட்டாளி என்னமா ஓட்டுதாவ, பாத்தியளா?” என்றாள். “நீங்களும்தான் குதிர வச்சிருக்கிய.”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவன் மதராஸுக்குப் போய் உண்மையாகவே குதிரையேற்றம் பழகிவிட்டான். படத்துக்குப் படம் கொள்ளைக்கூட்டத்தில் ஒருவனாக வந்து, குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து விழுந்தான். கதாநாயகன் சாகாததற்கு யாரும் சந்தோஷப்பட்டதில்லை. இவன் செத்ததற்கு எங்கள் தெருவே அழுதது. என் மனைவி ஒரு படம் விடவில்லை. கடைசியில் நிஜமாகவே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். அவன் நொண்டுவதைப் பார்க்கவும் பையன்கள் கூடினார்கள். எனக்கும் வண்டி ஓட்டி ஓட்டி இடுப்பு போய்விட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். “மொதப் படத்துல ஓட்டினியளே அண்ணாச்சி, அது மாதிரி பொறவு ஒண்ணுலயும் இல்ல” என்றாள் என் மனைவி.

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: “அது நான் இல்ல தங்கச்சி. இந்தா உக்காந்திருக்காம்லா, இவன்தான்.”

இத்தனை வருஷம் எனக்கு வராத வார்த்தை அவனுக்கு எவ்வளவு எளிதாக வருகிறது! அந்தப் பொறாமையோடுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“கூட்டாளிய விட்டுக்குடுக்க மாட்டியளே! எம்புட்டுப் பெரிய மனசு அண்ணாச்சி ஒங்களுக்கு.” அவன் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

நான் வாயைத் திறந்தேன்.

“எனக்கும் ரசம்” என்றேன்.