பாறை காயும் மாதம்

மார்கழியில் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அந்த ஒரு தைரியத்தில்தான் நான் திட்டம் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாயில், மாட்டுங்காவில் இருந்தோம். எனக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. பக்கத்து மேஜையில் இருந்த மராத்திப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் அண்ணனோடு மும்ப்ராவுக்கு அழைத்துப்போனாள். ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மலை. மலையிலிருந்து என்றைக்கோ உருண்டுவந்த பெரிய பெரிய பாறைகள் அடிவாரத்தில் கிடந்தன. அவற்றில் ஏறுவார்கள். அவ்வளவுதான் விஷயம். மேலே கோயில் கிடையாது, குகை கிடையாது. ஏறி நின்று, மூச்சு வாங்கிவிட்டு, பின்பக்கமாக இறங்கி வந்துவிட வேண்டியது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஐந்து நாள் கிரிக்கெட் பார்க்கிறவர்களை யாராவது கேட்கிறார்களா?

வீட்டில் பிக்னிக் என்று சொல்லியிருந்தேன். புடவையோடுதான் போவேன், அங்கே போனதும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி மராத்திக்காரிகள் மாதிரி கச்சம் வைத்து இறுக்கிக்கொள்வேன். கான்வாஸ் ஷூ டிபன் பைக்குள் இருக்கும். அவள் அண்ணன் பின்பக்கமாகப் பாறையின் தலைக்குப் போய், அங்கிருந்து கயிற்றை விடுவார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ரொம்பப் பேசாத மனுஷர். இரண்டு பெண்கள் தனியாக மும்ப்ராவுக்குப் போவதை எந்த வீட்டிலும் விடமாட்டார்கள் என்பதால், கயிறு மட்டுமில்லை, அவரும் எங்களுக்கு வேண்டியிருந்தார்.

ஒரு பாறைக்கு நான் அண்டா என்று பெயர் வைத்திருந்தேன். கவிழ்த்துவைத்த அண்டா மாதிரியே இருக்கும், இரண்டு மாடி உயரம். முக்கால்வாசி ஏறிவிடலாம். அதற்கு மேல் இரண்டு விரல் மட்டும் நுழைகிற ஒரு வெடிப்பு. அதைப் பிடித்து உடம்பை இழுத்துவிட்டால் மேலே போய்விடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த வெடிப்பில் தண்ணீர் கசியும், பச்சைப் பாசி படிந்திருக்கும். மழை விட்டதும் காய்ந்துவிடும் என்று அவசரப்பட்டு அக்டோபரில் போனேன். பாசி பாதி காய்ந்திருந்தது. ஆனால் பம்பாயின் அக்டோபர் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. கயிற்றில் தொங்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். டிசம்பரில் வடக்கிலிருந்து காற்று திரும்பினால்தான் பாறையும் காயும், கையும் காயும் என்றார் அந்த அண்ணன்.

டிசம்பர் என்றால் மார்கழி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஞாயிறு தவறாமல் யாராவது ஒருவர் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்று, என்னைப் பாடச் சொல்லிக் கேட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தை பிறந்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடும். மார்கழியில் மட்டும் யாரும் வரமாட்டார்கள். என் அப்பா மார்கழியில் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட வாங்கமாட்டார். விடியற்காலையில் பஜனை கோஷ்டியோடு தெருவைச் சுற்றி வந்து, கோயில் பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு வருவார். பாறைக்கு நல்ல மாதமும் எங்கள் வீட்டுக்கு ஆகாத மாதமும் ஒன்றாக இருந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு போனோம். வெடிப்பு காய்ந்திருந்தது. இரண்டு விரலையும் உள்ளே விட்டுவிட்டேன். இழுக்கும்போது கால் நழுவிவிட்டது. ஆனால் இனிமேல் வந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. சமையல் மேடையில் ஒரு கை, பஸ்ஸில் ஒரு கை என்று வாரம் பூரா அந்த ஒரு இழுப்பைத்தான் பழகிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அண்ணனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறுதான் கடைசி.

வியாழக்கிழமை சாயந்திரம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். டில்லிப் பையன், சர்க்கார் உத்தியோகம். கிறிஸ்துமஸ் லீவில் பம்பாய்க்கு வந்திருக்கிறான், புது வருஷத்துக்குத் திரும்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அம்மாவோடு வருகிறார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை, முதலில் சிரிப்புத்தான் வந்தது. மார்கழி ஆயிற்றே என்றேன்.

"பொண் பார்க்கவா வரா? சும்மா காபி குடிக்க வரா" என்றார் அப்பா. "சொஜ்ஜி பஜ்ஜி பண்ணாத்தானே பொண் பார்க்கறது? உப்புமா பண்ணச் சொல்லியிருக்கேன். உப்புமாவுக்கு ஏது மாசம்?"

அந்த உப்புமாவை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு வாளி வாங்க வளையாத சாஸ்திரம், எவனோ ஒருத்தனின் லீவுக்காக ரவையில் சர்க்கரை போடாமல் விட்டதும் வளைந்துகொடுத்தது. பிக்னிக்கை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளேன் என்றாள் அம்மா. அடுத்த வாரம் கிடையாது, கூட்டிக்கொண்டு போகிற தோழியின் அண்ணன் ஊரைவிட்டே போகிறார் என்றேன். அம்மா என் கையை இழுத்து வைத்துக்கொண்டு, மூன்று நாளில் இந்தத் தோல் ஆறுமா என்று விளக்கெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். நான் கத்தினேன். அழுதேன். சாப்பிடாமல் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்தால் வடக்குக் காற்று. அந்த வருஷத்திலேயே அவ்வளவு உலர்ந்த காலை வேறு கிடையாது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உப்புமாத் தட்டைத் தூக்கிப்போனேன். டில்லிக்காரன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுவேறு எரிச்சலாக இருந்தது. அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்தாள். விரல் நுனியெல்லாம் காய்ப்பு, விரல் முட்டிகளில் பக்கு. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆத்து வேலையெல்லாம் இவதான் பண்றாளோ?" என்று கேட்டாள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆமாம், ஆபீஸ் போனாலும் அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் இவள்தான், யாரையும் தொடவிடமாட்டாள் என்றாள். அந்த மாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். இந்தக் காலத்தில் உத்தியோகம் பார்க்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு கையா என்று தன் புருஷனிடம் என் கையைத் தூக்கிக் காட்டினாள்.

மழை முடியக் காத்திருந்து, வெயிலில் வழுக்கி, ரத்தம் கட்டி நான் சம்பாதித்த காய்ப்பு அது. அதையும் அம்மிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அம்மி இல்லை மாமி" என்றேன். "பாறை. மும்ப்ராவில கயித்தைக் கட்டிண்டு ஏறுவேன். இன்னிக்கும் போக வேண்டியது. நீங்க வந்ததால போகலை."

மாமி என் கையை என் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டாள். காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஆபீஸில் தோழி சொன்னாள். அவளும் அண்ணனும் போயிருந்தார்கள். வெடிப்பு சுக்காகக் காய்ந்திருந்ததாம். அண்ணன் அண்டாவைத் தொடவே இல்லை. அது உன்னுடையது என்று சொல்லி விட்டுவிட்டாராம். அவர் ஏறியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

டில்லியிலிருந்து கடிதம் வரவில்லை. அப்பாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. என் வாய்த்துடுக்கு இல்லை, என் கையும் இல்லை. மார்கழியில் கூப்பிட்டதுதான் தப்பாம். உப்புமா பண்ணினாலும் மார்கழி மார்கழிதானாம். இனிமேல் இந்த மாதத்தில் காபிக்குக்கூட ஒருவரையும் படியேற விடுவதில்லை என்று எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

சொன்னபடி செய்தார். அடுத்த மார்கழியில் ஒருவரும் வரவில்லை. தோழி கல்யாணமாகிப் புனாவில் இருந்தாள். அண்ணனும் கயிறும் நாக்பூரில். என் விரல்கள் எல்லாம் டைப்பிஸ்ட் விரல்களாக மெத்தென்று ஆகிவிட்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். காற்று வடக்கிலிருந்து வீசியது. உள்ளங்கை காகிதமாகக் காய்ந்திருந்தது. பஜனை முடிந்து வந்த அப்பா, பொங்கலை என் கையில் வைத்துவிட்டு, ரொம்பப் பெரிய மனசோடு சொன்னார்:

"இன்னிக்கு யாரும் வரமாட்டா. நீ உன் பிக்னிக்குக்குப் போயிட்டு வாயேன்."