வீட்டு வானுக்கு வைத்த பரீட்சை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பா ஒரு வீட்டு வான் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வான் வண்டி. டெனிஷ்காரர் அதை ஓட்டோகேம்பர் என்பார்கள். டென்மார்க்கில், ஒடென்சே நகரில் எங்கள் தெருவில் இரண்டு வாசல்களில் அது நின்றது. மூன்றாவது எங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

என் ஆசை அதைவிடப் பெரியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளில், யார் யார் எங்கே போனீர்கள் என்று ஆசிரியை கேட்பார். வகுப்பில் பாதிப்பேர் ஏரிக்கரை, கடற்கரை, வான், கூடாரம் என்று அளந்து தள்ளுவார்கள். நான் வருடாவருடம் சொன்னது ஒன்றுதான்: பெரியப்பா வீட்டுக்குப் போனோம்.

அம்மா மட்டும் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. முதல்ல ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்து இருந்து பாப்பம். எங்கட குடும்பத்துக்குச் சரிவந்தால் வாங்குவம்" என்றார்.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒன்றுவிட்டு ஒரு வாரக்கடைசியில்தான் வீட்டில் நிற்பார். அந்த நாட்களில் விருந்தாளிகள் வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தவர்கள் சாப்பிடாமல் போனதாகவும் நினைவில்லை. அப்படிக் கிடைக்கிற லீவை வானுக்குக் கொடுக்கிறார் என்றால், வானைத் தோற்கடிக்கத்தான் என்று நான் முடிவுகட்டினேன். முடிவுகட்டுவதில் அந்த வயதிலேயே நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

வாடகைக்குக் கொடுத்தவர் வான்களை விற்பவரும்கூட. தொப்பை வைத்த, நிதானமான மனிதர். வாங்குவதற்கு முன் எடுத்துப் பார்ப்பதுதான் புத்தி, முதல் தடவையே மழை பெய்தால் இன்னும் நல்லது, மழையில் சண்டை பிடிக்காத குடும்பம் தைரியமாக வாங்கலாம் என்றார். எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேட்டார். நாலே நாலு பேர் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்பா, அம்மா, நான், தம்பி.

எங்கே போவது என்பதில்தான் அப்பா சறுக்கினார். சில்க்போர்க்கில் ஏரிக்கரையோரம் இடம் பதிவு செய்துவிட்டார். அந்த ஊரில்தான் பெரியப்பா இருக்கிறார்.

"உங்கட அண்ணைக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையப்பா. இது நாங்கள் நாலு பேர் மட்டும்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓம் எண்டுறன், பிறகென்ன?"

அம்மா மூட்டை கட்டியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கடை ரொட்டியான பாண், முட்டை, சீஸ், ஒரு பை அப்பிள். அரிசி இல்லை, கறித்தூள் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு மணித்தியாலப் பயணத்துக்கே சோற்றுப் பெட்டி ஏறும். அப்பாவைப் பாணால் அடித்தே வான் ஆசையைத் தீர்க்கப்போகிறார் என்று தம்பிக்கு டெனிஷில் விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே போய்ச் சேர்ந்தோம். அப்பா சக்கரத்துக்குக் கட்டை வைத்தார், கரண்ட் வயரைக் கொழுவினார், பக்கத்து வான்காரருக்குக் கைகாட்டினார். வாயெல்லாம் பல். அம்மா ஒரு மடக்குக் கதிரையை ஏரியைப் பார்க்க விரித்து, காலைத் தூக்கிக் குளிர்பெட்டி மேல் வைத்து, சும்மா இருந்தார். கையில் ஒன்றுமில்லை. அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை, போய் விளையாடு."

பின்னேரம் அப்பாதான் முட்டை அவித்தார். அம்மா எழும்பவில்லை. எழும்பாமலே சாப்பிட்டார். அதற்குள் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வானைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"அண்ணை இருக்கிற ஊருக்கு வந்துபோட்டுச் சொல்லாமல் போறது சரியில்லை என்ன? நாளைக்கு ஆரும் கண்டு சொன்னால் என்ன நினைப்பார்?"

"நான் முதலே கேட்டனான்" என்றார் அம்மா, ஏரியைப் பார்த்தபடி.

"சும்மா சொல்லி மட்டும் வைக்கிறன்."

சும்மா சொல்லிவைத்தது சனிக்கிழமை காலை இரண்டு காரில் வந்து இறங்கியது. பெரியப்பா, பெரியம்மா, அவர்களின் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். ஒரு மூட்டை அரிசி, பெரிய சட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் நண்டு.

"என்ன பிள்ளை, பாணையே திண்டுகொண்டு கிடக்கிறியள்? ஐயோ பாவம் பிள்ளையள்! நான் எல்லாம் கொண்டந்தனான்" என்றார் பெரியம்மா.

அம்மா சிரித்தார். கதிரையை மடித்து வைத்தார். கொண்டையை முடிந்துகொண்டு உள்ளே போனார்.

பிறகு என்ன, திருவிழாதான். செத்தல் மிளகாயைத் தாளித்த புகையில் வானின் தீ அலாரம் அலறியது. பக்கத்து வான்காரர் காலில் ஒற்றைச் செருப்போடு தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இருமி முடித்த பிறகு அவரும் ஒரு தட்டுச் சோறும் நண்டும் சாப்பிட்டார், கண்ணில் நீர் வழிய. அப்பா பெரியப்பாவுக்குக் கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் திறந்து திறந்து காட்டினார். பெரியப்பா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். மத்தியானம் மழை பிடித்தது. அத்தனை பேரும் உள்ளே. இரண்டு அடுப்பிலும் மாறி மாறித் தேத்தண்ணி கொதித்தது. மகள் குடும்பம் இருட்ட முதல் வீட்டுக்குப் போனது. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஆசைக்கு ஒரு இரவு படுத்துப் பார்க்க நின்றார்கள். அண்ணனுக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு அப்பா சாரதி ஆசனத்தில் நித்திரை கொண்டார். அம்மா எங்கே படுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு பின்னேரம் வானைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். துடைத்தது அம்மா. அப்பா சுளுக்குப் பிடித்த கழுத்தைத் தடவியபடி விற்பனைக்காரரிடம் தீர்ப்பைச் சொன்னார்: நல்ல வான்தான், ஆனால் எங்கள் குடும்பத்துக்குச் சரிவராது, இடம் போதாது.

எனக்கு அழுகை முட்டியது. அம்மா மீது அப்படி ஒரு கோபம். பரீட்சை வைத்ததே அவர்தானே, நினைத்ததைச் சாதித்துவிட்டார்! இனிப் பள்ளிக்கூடத்தில் நான் மறுபடியும் பெரியப்பா வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் தலையாட்டிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்படி என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு டெனிஷில், "எனக்கு நன்றாகச் சரிவந்தது. வெள்ளிக்கிழமை" என்றார்.

மரியாதைக்குப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே வானின் திறப்பை நீட்டினார். அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்று அப்பா சொன்னாரே, அந்தக் குடும்பத்தில் அம்மாவும் ஒரு ஆள் என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை.