இலைப்பச்சை

கிட்டுசாமிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. உட்கார வேண்டும். கார் வாங்க வேண்டும், மாடி கட்ட வேண்டும் என்றெல்லாம் திருப்பூரில் ஆசைப்பட்டவர்கள் உண்டு. சிலர் வாங்கியும் கட்டியும் காட்டினார்கள். இவன் கேட்டது ஒரு நாற்காலி. அதைக் கொடுக்கத்தான் உலகத்துக்கு மனம் வரவில்லை.

பதினாறு வயதில் ஆறுமுகசாமி முதலாளியின் சாயப்பட்டறைக்குள் நுழைந்தவன், முப்பத்தெட்டு வயதுவரை கொதிக்கிற தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். நூல் சிட்டங்களைக் குச்சியில் கோத்துச் சாயத்தில் இறக்க வேண்டும், புரட்ட வேண்டும், தூக்கிப் பிழிய வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். சாயத்தில் போடும் சோடாக் காரம் கால்விரல் இடுக்கை அரிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு காலும் வீங்கியிருக்கும். நகக்கண்ணில் அன்றைக்கு ஓடிய நிறம் ஒட்டியிருக்கும். சோறு போடும்போதே அவன் மனைவி ரங்காத்தாள் அதைப் பார்த்துவிடுவாள்.

"இன்னைக்கு ஊதாங்களா?"

"ஊதாதான். போடு புள்ள, பேசறதுக்குக்கூட சீவனில்லை."

நின்றுகூடத் தொலைக்கலாம். ஆளைத் தின்றது ஷேடு. பட்டறையில் நிறம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஷேடு என்றுதான் பேச்சு. வியாபாரி ஒரு சாம்பிள் துணியை அனுப்பிவைப்பான். நூலில் அச்சு அசலாக அதே ஷேடு வந்தாக வேண்டும். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்ததும் காலை வாரிவிடும். ஒரு பொட்டு வித்தியாசம் இருந்தாலும் அத்தனை நூலும் திரும்பி வரும். மறுபடி அடுப்பு, மறுபடி தொட்டி, நடுவில் முதலாளியின் வாய். தூக்கத்தில்கூட, "இன்னும் சித்தெ மஞ்சள்" என்று கிட்டுசாமி முனகுவதாக ரங்காத்தாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் சுண்டிப்போகும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அந்த நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து நூல் கிடங்கில் குமாஸ்தா ஓய்வுபெறப் போகிறார் என்று சேதி வந்தது. சங்கத் தலைவருக்குக் கிட்டுசாமியைத் தெரியும், நூலைப் பற்றி அவனுக்குத் தெரியும் என்பதும் தெரியும். "எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டோட வா, போட்டுத் தர்றேன். இல்லாம வந்தா எங்கையில ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் எழுதிய அந்தப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் தேறி, இங்கிலீஷ் ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. முந்தின வருஷம் வீம்புக்கு ஒருமுறை எழுதிப் பார்த்து மண்ணைக் கவ்வினான். இனி வருகிற ஏப்ரல்தான். அதைவிட்டால் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தவர் ஓய்வுபெறும்போது கிட்டுசாமியின் கால் அவனோடு இருக்குமா என்பதே சந்தேகம்.

பட்டறைக்குச் சாயப்பொடி வாங்க ராயபுரத்தில் முஸ்தபா கடைக்குத்தான் போவான். முஸ்தபாவின் மனைவி ஜஹானாரா கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவள். "எங்க ஊட்ல கேட்டுப் பாருங்களேன்" என்று முஸ்தபாவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்கட்டில் பாடம் என்று ஆயிற்று. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டு வந்து அவள் உட்காரும்போது, அவளும் பாதி ஆளாகத்தான் இருப்பாள். பக்கத்திலேயே முஸ்தபா பொடி நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் ஒரு பாட்டை எடுத்தாள். இங்கிலீஷ்காரக் கவி ஒருவர் எழுதியது. பட்டணத்து இரைச்சலில் அலுத்துப்போனவர் காட்டுப் பக்கம் நடந்து, மரங்களுக்கு அடியில் பச்சை நிழலில் படுத்து, ஓடையின் சத்தத்தில் மனம் ஆறுகிறார். அவ்வளவுதான் பாட்டு.

"இது எதைப் பத்தினதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

கிட்டுசாமி தயங்கவே இல்லை. "இது ஒரு சாய மாஸ்டரோட கதைங்க டீச்சரம்மா."

ஜஹானாரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னதுங்கண்ணா?"

"ஆமாங்க. டவுன்ல வேலை செஞ்சு செஞ்சு சலிச்சுப்போன மனுசன். கடைசீல அவருக்கு கிரீன் ஷேடு வந்துருதுங்க. இந்தா, இங்க போட்டிருக்குதே, கிரீன், ஷேடு. அதோட மனசு ஆறிப்போச்சு. வராத ஷேடு வந்தா அப்படித்தானுங்க இருக்கும். நான் பாத்திருக்கறேன்."

"அப்ப ஓடை எதுக்குங்க ஓடுது?"

"பட்டறைன்னா தண்ணி வேணுமில்லீங்களா."

முஸ்தபாவின் தராசு கீழே விழுந்தது. அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜஹானாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, ஷேடு என்றால் இங்கே நிழல், பச்சை என்றது இலையை என்று பதமாக எடுத்துச் சொன்னாள்.

கிட்டுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "போன தடவை பரிச்சைல அவரு என்னென்ன பொடி கலந்திருப்பாருன்னு வேற எழுதீட்டு வந்தனுங்களே" என்றான். அவனுக்குப் பிடித்துப்போயிருந்த ஒரே பாட்டு அது. தன்னைப்போல் ஒரு ஆள் சீமையிலும் தொட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறான் என்பது ஒரு தெம்பாக இருந்தது. இப்போது அந்த ஆளும் போய்விட்டான்.

"நெழல்ல உக்காந்ததுக்கா டீச்சரம்மா இத்தனை பெரிய பாட்டு? உக்காந்தா மனசு எப்படீங்க ஆறும்?"

"இயற்கை மனசுக்கு ஆறுதல் குடுக்கும்னு எழுதுங்கண்ணா. மார்க் போடுவாங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"நீங்க அப்படி உக்காந்து பாத்திருக்கீங்களா?"

ஜஹானாரா வாசலைப் பார்த்தாள். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது. "எங்கீங்கண்ணா" என்று எழுந்து போனாள்.

பாட்டின் கருத்தை அவள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். சிட்டத்தைப் புரட்டிக்கொண்டே கிட்டுசாமி அதை உருப்போட்டான். பக்கத்துத் தொட்டிக்காரர்கள் அவன் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் லீவு கேட்டான். முதலாளி கொடுக்கவில்லை. இலைப்பச்சை அவசரம் என்றார். ஆகவே பத்து விரலும் பச்சையாகப் பரீட்சைக்குப் போனான். ஹாலில் வாத்தியார் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா எழுதி வெச்சிருக்கே?" "சாயமுங்க" என்றான். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவமானத்தில் காது சுட்டது.

கேள்வித்தாளைப் பார்த்ததும் அதுவும் அடங்கிவிட்டது. பாட்டின் கருத்தைக் கேட்கவே இல்லை. கவியைப்போல நீ மன ஆறுதல் அடைந்த ஓர் அனுபவத்தை எழுது என்று கேட்டிருந்தார்கள்.

உருப்போட்டதெல்லாம் வீண். கிட்டுசாமி பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தான். தான் எந்த மரத்தடியில் உட்கார்ந்தோம்? சிவன்மலைக்குப் போனால் கும்பிட்டுவிட்டு ஓட்டமாகப் பஸ் பிடிக்க வேண்டும். ஆற்றுப்பக்கம் போனால் சிட்டம் அலசத்தான். முப்பத்தெட்டு வருஷத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தும் ஒரு மர நிழல் விழவில்லை. தன்னை நினைத்தே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு கோடையில் இலைப்பச்சை ஷேடு இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது முறை காய்ந்தபிறகும் சாம்பிளோடு ஒட்டி நின்றது. முதலாளிகூட ஒன்றும் சொல்லவில்லை. கிட்டுசாமி அப்படியே தொட்டி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வாய்க்காலில் சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பொய் எழுத இங்கிலீஷ் போதாது. தெரிந்த வார்த்தைகளை வைத்து உள்ளதையே எழுதினான். நான் களைத்த மனிதன். கிரீன் ஷேடு இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை வந்தது. நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் தண்ணீர் ஓடியது. என் மனம் குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து, "போச்சு புள்ள, மறுபடியும் சாயத்தையே எழுதீட்டு வந்துட்டேன்" என்றான். ரங்காத்தாள் திட்டவில்லை. சுடுதண்ணீர் வைத்து அவன் காலில் ஊற்றினாள். மறுநாள் தொட்டிக்குப் போய்விட்டான். ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆயிற்று.

பேப்பரில் பாஸானவர்களோடு அவன் நம்பரும் வந்தபோது முஸ்தபாதான் சைக்கிளில் பட்டறைக்கே வந்து சொன்னார். கிட்டுசாமி நம்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜஹானாரா அவனைப் பின்கட்டில் உட்காரவைத்து, எழுதியதை ஒரு வரி விடாமல் சொல்லச் சொன்னாள். கேட்டு முடித்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வெயில் நகர நகர நெழல் வரும்னு நீங்க காத்துட்டு இருந்திருக்கீங்கண்ணா! திருத்துனவங்க அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. பெரிய மரமா வேற நெனச்சிருப்பாங்க."

"அது பொய்யாயிராதுங்களா?"

"நீங்க ஒண்ணும் பொய் எழுதலீங்களே" என்றாள் ஜஹானாரா.

நாற்காலி கிடைத்தது. பிரம்பு பிய்ந்த பழைய நாற்காலி. முதல் வாரம் இடுப்பு வலித்தது. உட்கார்வதற்கும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வெளியே இருந்த புங்க மரத்தடிக்குப் போனான். சாப்பிட்டுவிட்டு மரத்தில் சாய்ந்து மேலே பார்த்தான்.

கண் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டது. இந்த இலைக்கு மஞ்சள் பத்தாது. அந்தக் கொத்து கருகிப்போயிருக்கிறது. உச்சியில் இருப்பது நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கீழே இருப்பதோடு சேரவில்லை. ஒரே மரத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இத்தனை ஷேடு! வியாபாரி பார்த்தால் மரத்தையே திருப்பி அனுப்பியிருப்பான்.

அனுப்ப ஆளில்லை. சாம்பிளும் இல்லை. இந்தப் பச்சைக்கு அவனிடம் ஒருவரும் வந்து பதில் கேட்கப்போவதில்லை. அது விளங்கியதும் இருபத்திரண்டு வருஷமாகத் தோளில் இருந்த என்னவோ ஒன்று மெல்ல இறங்கியது. நகக்கண்ணில் இன்னும் பச்சை போகாத கைகள் மடியில் தளர்ந்து விழுந்தன.

அந்தச் சீமைக்காரர் எதற்காகப் பாட்டு எழுதினார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போய் டீச்சரம்மாவிடம் சொல்ல வேண்டும், அவளையும் ஒரு நாள் இங்கே வந்து உட்காரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.