சம்பந்தி வீட்டாரிடம் வைரஸ் பேசினேன்

போன ஞாயிறு மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான்.

நண்பர் சின்னசாமியின் மூத்த பெண்ணைப் பார்க்கக் கடத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களோடு பேச்சுக் கொடுக்கப் பெண் வீட்டில் படித்த ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆள் பஞ்சம் போலிருக்கிறது — என்னைக் கூப்பிட்டார்.

"ஒன்னே ஒன்னுங்க சார்," என்றார் காதோரம். "எங்கூட்டுக்காரி கையில வெள்ளை இருக்கறது மட்டும் வெளிய வரக்கூடாது. வந்தா இந்த எடம் போச்சுங்க."

சின்னத் திட்டுதான். யாருக்கும் ஒட்டாது. ஆனால் ஊர் அதற்கு வைத்த பெயர் வெண்குஷ்டம். பாவம், அந்தம்மா முந்தானையால் கையைப் போர்த்தியபடியே காபி கொடுத்தார்.

கோளாறே இல்லாத குடும்பங்களைப் பெண் பார்க்கும் நாளில் மட்டும்தான் காணமுடியும், இல்லையா?

"வம்சத்துல சீக்கு கீக்கு ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

சின்னசாமி என்னைப் பார்த்தார். நானோ பஸ்ஸில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைப் படித்துவிட்டு இறங்கியவன். சும்மா இருப்பேனா?

என்ன அதிசயம் தெரியுமா உங்களுக்கு? மனிதன் மனிதனாவதற்கு வெகுகாலம் முன்பே நம் மூதாதைகளைத் தொற்றிய சில வைரஸ்கள், அவர்களுடைய ஜீன்களுக்குள்ளேயே குடியேறிவிட்டனவாம். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, இதோ... உங்களிடமும் என்னிடமும்! பெரும்பாலும் தூக்கம்தான். சில நோய்களுக்கு இவை காரணமோ என்று ஒரு சந்தேகம். நஞ்சுக்கொடியில்கூட வைரஸ் மாதிரி துணுக்குகள் தென்படுகின்றனவாம் — கருவுக்கு ஏதோ ஒத்தாசை செய்கின்றனவோ என்று இன்னொரு சந்தேகம்.

அத்தனையையும் மூச்சுவிடாமல் சொல்லி, "ஆக, சுத்தமான வம்சம்னு ஒன்னு கெடையவே கெடையாதுங்க. உங்களுதையும் சேர்த்துத்தான்," என்று முடித்தேன்.

சின்னசாமி என் காலை மிதித்தார்.

"யாருங்க இவரு, எங்க வம்சத்தையே..." என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"உக்காருங்க," என்றார் அவர் மனைவி. பிறகு எங்களிடம், "இழுப்புங்க. இவங்கப்பாவுக்கும் இருந்துச்சு. பையனுக்கு இதுவரைக்கும் இல்ல. எத்தினி நாளைக்கு மறைக்கறது? பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

சின்னசாமியின் மனைவி உள்ளே போய் வெந்நீர் கொண்டு வந்தார். முந்தானையை விலக்கிவிட்டு, அந்தக் கையாலேயே டம்ளரை நீட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா திட்டைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"வலிக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தை மாதம் கல்யாணம்.

என்னை பஸ் ஏற்றிவிட வந்த சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டாவது பொண்ணுக்குப் பாக்கறப்ப நீங்க வூட்லயே இருங்க சார்."