ஷோகேஸ் ஸ்டாப்பிங்

மணிமேகலை, தங்கும் விடுதிகளுக்குப் போர்டு எழுதுகிறவர். கொடைக்கானலில் '24 மணி நேரமும் ஹாட் வாட்டர்' என்று எங்கே பார்த்தாலும் அது பெரும்பாலும் அவர் கையெழுத்துதான். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவருக்கு ஹாட் வாட்டரோடு நின்றுவிட மனமில்லை. பஜாரில் ஒலியுல்லா பாய் தன் ஸ்வெட்டர் கடையை மூடியபோது, முன்பக்கக் கண்ணாடி ஷோகேஸை மட்டும் கேட்டார்.

"சும்மாதானம்மா கெடக்கு, எடுத்துக்க. பின்னாடி கம்பளி மூட்டைய மட்டும் தொட்றாத" என்றார் பாய்.

அப்படித் தொடங்கியது அந்த நாலடி ஆழக் கேலரி. உள்ளே யாரும் நுழைய முடியாது. ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கேயும் காட்சி வைத்திராத புதியவர் ஒருவருக்கு மாதம்தோறும் இடம். முதல் ஏழு மாதத்தில் நின்று பார்த்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், கண்ணாடியில் தலை சீவிக்கொள்ள வந்தவர்கள், ஒரு காட்டுமாடு. காட்டுமாடுதான் அதிக நேரம் பார்த்தது.

எட்டாவது மாதம் பக்கத்து மலைக்கிராமமான வடகவுஞ்சியிலிருந்து புவனா வந்தார். படிக்கிற காலமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தே வளர்ந்தவர். ஷோகேஸுக்குள் ஒரு பெஞ்சு போட்டார். அதற்கு மேலே துருப்பிடித்த தகரப் பலகையில் 'வடகவுஞ்சி, மாலை 4.10' என்று எழுதினார். அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது. படைப்பின் பெயர் 'வராதது'.

மறுநாள் நாலு மணிக்குக் கண்ணாடிக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே போனார். பூண்டு விற்றுவிட்டுக் காலிச் சாக்கோடு நின்ற நல்லசாமி கேட்டார்:

"ஏம்மா, நாலு பத்து போயிருச்சா?"

"அண்ணே, இது பஸ் ஸ்டாப் இல்லீங்க. ஆர்ட்டு."

"இருக்கட்டும். எப்ப வரும்?"

"வராதுண்ணே. வராதுங்கிறதுதான் இதோட அர்த்தமே."

"அர்த்தம் கெடக்கட்டும்மா. போர்டுல போட்டிருக்குல்ல?" என்று சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் இருபது பேர். வடகவுஞ்சி வரை போகாமல் வழியில் பெருமாள்மலையோடு திரும்ப வேண்டிய பஸ் ஒன்று காலியாக வந்தது. டிரைவர் கூட்டத்தைப் பார்த்து பிரேக் போட்டார். பலகையைப் படித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறுங்க, வெரசா ஏறுங்க. லேட்டாயிருச்சு!"

மறுநாளும் வந்தார்.

புவனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அக்கா, வராததுன்னு பேரு வச்சா வந்து நிக்குது! என் படைப்பே போச்சு!" 'வந்தது' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மணிமேகலையோடு மூன்று நாள் பேசவில்லை.

பத்து நாள் கழித்துப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். ஃபைலைப் புரட்டினார்.

"இந்த ஸ்டாப்பிங் ரெக்கார்டுலயே இல்லம்மா. வச்சிருந்தாத்தான எடுக்க முடியும்? இல்லாதத எப்பிடி எடுக்கிறது?" கிளம்பும்போது குரலைத் தணித்துக்கொண்டார். "வண்டி நாலு இருபதுக்குத்தான் வருது. போர்டை மட்டும் மாத்தி எழுதிருங்க."

"அடுத்தவங்க படைப்புல நான் கை வைக்க மாட்டேன் சார்."

அதிகாரி வெகுநேரம் பலகையையே பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து பஸ் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியது.

மாதம் முடிந்து காட்சியை எடுக்கப் போனபோது சனம் விடவில்லை. பலகை இருக்கட்டும், கீழே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றார்கள். புவனாவும் சம்மதித்தார், இப்போது அவரே அந்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறார். பெஞ்சு இருந்த இடத்துக்கு, அடுத்த மாதப் புதியவரான ஆயக்குடி சிவமுருகனின் களிமண் தலைகள் ஒன்பது வந்தன. ஒன்றுக்கும் மூக்கு கிடையாது. காத்திருப்பவர்களுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லாததால் தினமும் இருபது நிமிடம் தலைகளையே பார்த்தார்கள்.

ஒரு நாள் நல்லசாமி மணிமேகலையைக் கூப்பிட்டார்.

"மூணாவது தலை எங்க மச்சினன் மாதிரியே இருக்கும்மா."

"மூக்கே இல்லையேண்ணே?"

"மூக்கு எதுக்கு? பொய் சொல்லிட்டு மாட்டிக்கிட்டவன் மொகம்மா அது. நல்லா உத்துப் பாரு."

மணிமேகலை உற்றுப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. உடனே ஆயக்குடிக்குப் போன் போட்டு நல்லசாமி சொன்னதை அப்படியே சொன்னார். அதுவரை சிவமுருகன் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, இன்னொருக்கா சொல்லுங்க" என்றார் சிவமுருகன்.

மணிமேகலை இன்னொரு முறை சொன்னார்.