ஒரே பையில் பதினான்கு மட்டைகள்

எங்கள் கிளப்பில் ஒரு சொல் உண்டு: டிரைவரைக் கும்பிடு, இரும்பை நம்பு, வுட்டிடம் மட்டும் கெஞ்சு. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. பினாங்கில் நல்ல சொல்லுக்கெல்லாம் சொந்தக்காரர் கிடையாது. ஒரு மேசையில் பிறந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் அதற்கு நாலு தகப்பன் வந்துவிடுவார்கள். நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான். பிறகு நானே கெஞ்சும்படி ஒரு வருடம் வந்தது.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இவை மூன்றும் மட்டைகள். டிரைவர் முதல் நீள அடிக்கு, இரும்பு குட்டை அடிக்கு. வுட் என்பது பெயர்தான், மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. நீளமான தண்டு, நுனியில் உருண்டையான உலோகத் தலை. முதல் அடிக்குப் பந்தைச் சின்னக் குச்சியின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அடிக்கு அந்தச் சலுகை இல்லை. பந்து புல்லில் அமுங்கிக் கிடக்கும், குழி இருக்கிற இடமோ இன்னும் எங்கேயோ இருக்கும். அங்கேதான் வுட் வேண்டும். ஆண்கள் முதல் அடியிலேயே பாதி ஊரைக் கடந்துவிடுவார்கள். எங்களைப் போன்ற பெண்களுக்கு அந்த இரண்டாவது அடிதான் ஆட்டம்.

நான் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கம்பெனி கோல்ஃப் தினத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கைப்பேசியில் வீடியோ பார்த்தும், பயிற்சித் திடலில் பந்து பந்தாகத் தப்பவிட்டும் நானாகக் கற்றுக்கொண்டேன். குறையக் குறைய நல்லது என்கிற ஹேண்டிகேப் எண் எட்டுக்கு வந்தது. விளையாட்டு தெரிந்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

என் ஜோடி ஓர் அக்கா. ஜார்ஜ்டவுனில் அவர் கணவர் குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. பல வருடம் கல்லாவில் உட்கார்ந்து உடம்பு பெருத்துவிட்டவரை டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்து நடந்து கோல்ஃப் திடலுக்கே வந்துவிட்டார். முக்காட்டின் மேல் தொப்பி போட்டுக்கொண்டு, தூரம் குறைவு என்றாலும் கோடு போட்ட மாதிரி நேராக அடிப்பார். நான் ஓர் அடியைக் கெடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டால், "கொழம்பு சிந்திட்டா தட்டத் திட்டாத புள்ள, அடுத்த தட்ட எடு" என்பார்.

நாங்கள் இருவரும் ஆடியது ஒரே பந்து ஆட்டம். ஜோடிக்கு ஒரு பந்துதான். ஒருவர் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. அக்கா தொடங்குகிற குழிகளில் இரண்டாவது அடி என்னுடையது, நான் தொடங்குகிற குழிகளில் அவருடையது. மாநிலப் பெண்கள் அணிக்கான தேர்வில் இப்படிச் சேர்ந்து ஆடி, வருடா வருடம் நூலிழையில் வெளியே நின்றோம். அந்த வருடம் அக்காவின் முட்டி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இதுதான் கடைசி, இந்த முறை அணியில் ஒரு தடவை நின்றுவிட்டால் போதும், பிறகு பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். சாதாரணமாகச் சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஏனென்றால் அதற்குள் என் வுட் போய்விட்டிருந்தது. பழைய மூன்றாம் நம்பர் வுட்டின் முகம் விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் என் வீச்சைப் பார்த்துவிட்டு, உங்களைப் போன்ற கைதேர்ந்தவர்களுக்கு என்றே செய்தது என்று ஒன்றை நீட்டினார். சின்னத் தலை, விறைப்பான தண்டு, முகத்தில் சாய்வே இல்லாத மாதிரி ஒரு சாய்வு. பயிற்சித் திடலின் ரப்பர் பாயில் வைத்து அடித்தால் பந்து கத்தி மாதிரிப் போகும். எங்கள் திடல்களில் முளைக்கிற முரட்டு மாட்டுப்புல்லில், அதுவும் மழைக்குப் பிறகு, பந்து எழும்பவே எழும்பாது. மேலே தூக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, கடைசியில் பந்தின் உச்சந்தலையில் தட்டினேன். தட்டத் தட்டப் பயம். பயத்தில் இன்னும் தட்டு.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டேன். வேலையில் நின்றுகொண்டிருக்கும்போதே கைகள் தானாகச் சுழலும். ஃப்ளாட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தில் துடைப்பத்தை வீசிப் பார்த்தேன். தண்ணீர்மலைப் படியேறி முருகனிடம் நின்றேன். பிள்ளைகளுக்காகக்கூட நான் அப்படி உருகி வேண்டிக்கொண்டதில்லை. ஒரு மட்டைக்காக வேண்டினேன்.

அக்காவிடம் ஓர் ஏழாம் நம்பர் வுட் இருந்தது. பழசு. தண்டை வெட்டிக் குட்டையாக்கி, தலையின் பின்புறம் ஈயப் பட்டை ஒட்டியிருந்தார். முகம் நன்றாக வானத்தைப் பார்த்திருக்கும், பந்து சுலபமாக எழும்பும். ஆண்கள் அதைப் பென்ஷன் மட்டை என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எட்டு ஹேண்டிகேப்காரி அதை வாங்குவாளா?

தேர்வு சனி, ஞாயிறு இரண்டு நாள். கெப்பாலா பத்தாஸ் போகிற வழியில், எண்ணெய்ப்பனைக்கு நடுவே உள்ள திடல். சனிக்கிழமை முதல் குழியில் அக்கா நேராக நடுவில் போட்டார். நான் அடித்தேன். பந்து புல்லுக்குள் எலி மாதிரி ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. மூன்றாவது குழியில் சாக்கடையில் விழுந்தது. ஐந்தாவது குழியில் நான் பக்கி வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் பையிலிருந்து ஏழாம் நம்பரை உருவி என் மடியில் வைத்தார்.

"இந்தா. இதால அடி."

அடித்தேன். பந்து எழும்பியது. அது எழும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏழாவது குழியிலும் அதையே வாங்கி அடித்தேன்.

கிளப்பின் புதன்கிழமை ஆட்டங்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். யார் பையில் எது நன்றாக இருக்கிறதோ, "குடு பார்ப்போம்" என்று உருவிக்கொள்வோம். அந்தப் பழக்கம் கைக்கு வந்த அளவுக்குச் சட்டம் மூளைக்கு வரவில்லை. ஒன்பதாவது குழி முடிந்ததும் எங்களோடு ஆடிய ஜோடியில் ஓர் அம்மா, மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில், அது யாருடைய மட்டை என்று மலாயில் கேட்டார். கேப்டனைக் கூப்பிட்டார்கள். தேர்வை நடத்தும் பெண்கள் பிரிவின் கேப்டன் ஒரு சீன அம்மா, நல்ல மனுஷி, ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். ஆளுக்கொரு முழுப் பை வைத்திருக்கும்போது ஜோடியின் மட்டையைத் தொட்டு அடிக்கக் கூடாது என்றார். இருவருக்கும் சேர்த்து மொத்தமே பதினான்கு மட்டைதான் என்றால் பகிர்ந்துகொள்ளலாம். எங்களிடம் இருபத்தெட்டு இருந்தது. இரண்டு குழிக்கும் சேர்த்து நான்கு அடி தண்டம்.

மீதிக் குழிகளை என் சொந்த வுட்டால் ஆடினேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பும்போது தீவுக்குப் போகும் பாலத்தில் கார்கள் ஊர்ந்தன. நாளைக்கு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு ஆடுங்கள் அக்கா, கேப்டனிடம் நான் பேசுகிறேன் என்றேன். அக்கா விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். தீவு நெருங்கியபோது சொன்னார்.

"பதினாலுதானே சொன்னாங்க? ஒரே பையா கட்டிருவோம்."

அந்த மட்டையை மட்டும் என் பையில் போடுங்களேன் என்றேன்.

"அப்பறம் நான் எதால அடிக்கிறது? எனக்கும் அதான் சோறு போடுது. ஒரு சட்டில ரெண்டு பேரு சாப்புடலாம் புள்ள, சட்டிய ஒடச்சுப் பங்கு போட முடியாதுலா."

ஞாயிறு காலை, கடைக்கு மேலே அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பையையும் கொட்டினோம். ஏழாம் நம்பர் முதலில் உள்ளே போனது. அவரவர் டிரைவர், பந்தைக் குழிக்குள் உருட்டிவிட அவரவர் பட்டர். இரும்பு மட்டைகளுக்கு வந்தபோது அக்கா தன்னுடையதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டார். "ஒன் இரும்பையே எடுத்துக்குவோம், நீ தூரமா அடிக்கிறவ" என்றார். என்னுடையவை நீளமானவை, கனமான எஃகுத் தண்டு. அவருடையவை இறகு மாதிரி. எனக்கு அது உறைக்கவில்லை. நான் அந்த ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் அடித்த மாதிரி என் வாழ்க்கையில் அடித்ததில்லை. அக்கா நடுவில் போடுவார், நான் வுட்டை எடுப்பேன், பந்து உயர்ந்து போய் மெத்தென்று இறங்கும். பிறகு குட்டை அடி அக்காவுடையது. என் இரும்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பந்து வலது பக்கம் போகும். மணல் குழியில் விழும். பாதி தூரத்தில் செத்து விழும். பத்து வருடமாக நேராக அடித்த கை அது. நான் கொண்டுபோய்க் கொடுத்ததையெல்லாம் அவர் கை சிந்திக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது குழியில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டேன். ஈரக்காற்று என்றார். திரும்பிப் போய் அவர் இரும்புகளை எடுத்துவர வழியில்லை. பதினான்கும் பையில் நிறைந்திருந்தன.

ஜோடிகளில் நாங்கள் தேறவில்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. நன்றாக ஆடுகிற ஓர் இளம் பெண்ணின் ஜோடி வேலை கிடைத்துக் கோலாலம்பூர் போய்விட்டாளாம். நீள அடி நிச்சயமாக விழுகிற ஒருத்தி அவளுக்கு வேண்டும். இன்று இரண்டாவது அடியை உன்னைப்போல் யாரும் அடிக்கவில்லை, நீ வா என்றார். அது அக்காவின் மட்டை என்றேன். அக்கா கெடுத்ததெல்லாம் என் மட்டைகளால் என்றேன். கேட்டுக்கொண்டார். தேர்வில் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். பிறகு, வருத்தத்தோடுதான், இங்கே எல்லோரும் சொல்கிற மலாய்ச் சொல்லைச் சொன்னார்: நாசி சுடா ஜாடி புபூர். சோறு கஞ்சியாகிவிட்டது, இனி திரும்பச் சோறாகாது.

நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்தேன். அக்கா டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ஒன்ன எடுத்துட்டாங்களா?"

"நான் போகலக்கா."

"போ. நீ போகாட்டி நான் ரெண்டு தடவ தோத்த மாதிரி."

"என்னால எப்படிக்கா முடியும்?"

"ஒன்னாலதான் முடியும். எங் கையால இன்னிக்கு முடியல பாத்தேல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏழாம் நம்பருக்கு உறையை மாட்டி, என் பையில் செருகி, டிக்கியைச் சாத்தினார். வீடு வரைக்கும் கடையில் பிரியாணி அரிசி மாற்றியதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அணியில் ஆடினேன். அந்த இளம் பெண் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், நன்றாகவும் ஆடினாள். ஒவ்வொரு நீளக் குழியிலும் நான் அக்காவின் வுட்டை எடுத்தேன். ஒரு பந்துகூடத் தப்பவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒன்றாவது தப்பாதா என்று நான் ஏங்கினேன் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அக்காவே போன் செய்தார். பின்னால் கடையின் தட்டுச் சத்தம் கேட்டது.

"பந்து எழும்புச்சா?"

"எழும்புச்சுக்கா. எல்லாமே."

"அல்ஹம்துலில்லாஹ்." யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு கேட்டார்: "அணிச் சட்ட குடுத்தாங்களா? அளவு சரியா இருந்துச்சா?"

மீதமிருந்த ஒன்றைத்தான் கொடுத்தார்கள், பெரிசாகிவிட்டது, தோள் இறங்கித் தொங்குகிறது என்றேன்.

"அப்ப எனக்குன்னா சரியா இருந்திருக்கும்" என்று சொல்லி அக்கா சிரித்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டையோடு, கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.