தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம்

பிரான்சில், மார்க்ஸ் டோர்மோயில் வாடகைக்கு இருக்கும் றூபன், லாச்சப்பல் ரெஸ்ரோறன்ட் ஒன்றில் ஆறு வருடமாகக் கோப்பை கழுவுகிறான். மனைவி ஜெனிற்றாவும் மகள் ரோசாலியும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாயிற்று. சட்டப்படி மூன்று பேருக்கு முப்பத்திரண்டு சதுரமீற்றர் வீடு வேண்டும். வீட்டுக்காரன் எழுதித் தந்த ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் ஊர்க்காரர் இரத்தினத்தார் மூக்கை நுழைத்தார். பிரான்சில் அவருக்குத் தெரியாத சட்டமே கிடையாது, தனக்கு ஏன் பதினெட்டு வருடமாக விசா கிடைக்கவில்லை என்பதைத் தவிர.

"தம்பி, வெறும் சுவரைக் கண்டால் வெள்ளைக்காரர் கையெழுத்து வைக்கமாட்டினம். நல்ல பிரெஞ்சுப் படமொண்டு கொழுவு."

"மாதா படம் இருக்குத்தானே அண்ணை?"

"அது உனக்கு. இது அவைக்கு."

றூபன் பழைய சாமான் சந்தையில் கட்டிலளவு படமொன்றை வாங்கி, மெத்ரோ ரயில் முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். இம்பிரஷனிச ஓவியத்தின் பிரதியாம். விசாலமான வரவேற்பறை, வெள்ளைச் சட்டையில் இரண்டு சிறுமிகள், ஒரு பூனை. கிட்ட நின்றால் எல்லாம் அள்ளி அப்பிய நிறம்தான். இந்தக் கண்றாவிக்கா இவ்வளவு பாடு என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

அதிகாரி அம்மா நல்ல மனுசி. குழாயைத் திறந்தார், ஜன்னலைத் திறந்தார், ஒப்பந்தத்தைப் படித்தார், பேனையையும் எடுத்துவிட்டார். அப்போதுதானா அந்தப் படம் கண்ணில் பட வேண்டும்.

"அருமை. இதைத் தள்ளி நின்றுதான் பார்க்கவேண்டும்," என்று பிரெஞ்சில் சொல்லி ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி வைத்தார். முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. பூனை இன்னும் பூனையாகவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார். பேனையைப் பைக்குள் வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தார். இருபத்தேழு சதுரமீற்றர்.

நிராகரிப்புக் கடிதத்தை இரத்தினத்தார் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"கொஞ்சம் சின்னப் படமா வாங்கியிருக்க வேணும் தம்பி."

றூபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தைப் பறித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ரோசாலி வந்தாள். வீடு சின்னன், உங்களுக்கு இடம் காணாதாம் என்று மெல்லச் சொன்னான். அவள் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரை உற்றுப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையள் ஆர் அப்பா?"

"அது சும்மா படம் மகள்."

"அவைக்கு மட்டும் இடம் காணுமோ?"